பழைய வீட்டுப் பூஞ்சைக்கு டீஹியூமிடிஃபையர்: வாங்கலாம், ஆனால் முதலில் சுவரைப் பாருங்கள்

ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய வீடு. பீரோவைத் திறந்தால் பூசண வாடை, தோல் செருப்பில் பச்சைப் படலம், படுக்கைக்குப் பின்னால் உள்ள சுவரில் கறுப்புப் புள்ளிகள். இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு டீஹியூமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் இயந்திரம்) வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. நான் வாங்கியது பெட்டியில் "ஒரு நாளைக்கு 20 லிட்டர்" என்று போட்டிருக்கும் கம்ப்ரஸர் வகை. அந்த அளவில் கிடைக்கும் இயந்திரங்கள் எல்லாம் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான், வெளி உறையும் பட்டன்களும்தான் மாறும்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றிலிருந்து ஈரம் எடுப்பதில் ஐந்துக்கு நாலரை. பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டால் ஐந்துக்கு இரண்டு. எடுத்த தண்ணீர் சேரும் வாளிக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம்.

இயந்திரம் செய்கிற வேலை ரொம்ப எளிது. உள்ளே ஒரு குளிர்ந்த சுருள் குழாய், ஒரு சூடான சுருள் குழாய். மின்விசிறி அறைக் காற்றை இழுத்து முதலில் குளிர்ந்த குழாய் மேல் விடுகிறது, காற்றிலுள்ள நீராவி அங்கே தண்ணீராகிச் சொட்டுகிறது. பிறகு அதே காற்று சூடான குழாயைத் தாண்டி வெளியே வருகிறது. ஏசி மாதிரிதானே என்று கேட்பீர்கள். ஏசி சூட்டைக் கொண்டுபோய் வெளியே தள்ளும், இது சூட்டை உங்கள் அறைக்குள்ளேயே விடும். அது மட்டுமில்லை, ஒரு லிட்டர் ஆவி தண்ணீராக மாறும்போது கிட்டத்தட்ட 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவருகிறது, கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம் தனி. அதனால் அறை நிச்சயம் சூடாகும். "குளிர்ச்சியாக இல்லையே" என்று இதற்கு ஒற்றை ஸ்டார் போட்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அவர்கள் வாங்க நினைத்தது வேறு சாமான்.

சரி, 20 லிட்டர் கணக்குக்கு வருவோம். அது 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு சோதனை அறையில் அளந்தது. 80 சதவீதத்திலேயே வைத்துக்கொள்ளவா நாம் இதை வாங்குகிறோம்? நமக்கு வேண்டியது 60-க்குக் கீழே. அறை 27 டிகிரி, 60 சதவீதம் என்று இறங்கிய பிறகு அதே இயந்திரம் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும். இது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, சோதனை முறை அப்படி, ஆனால் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு எண்ணும் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனையும் இருந்தால் வாங்குபவர் என்ன நினைப்பார்? அமெரிக்காவில் 2019-இல் சோதனை வெப்பநிலையை சுமார் 27 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்குக் குறைத்தார்கள். அதுவரை 70 பைன்ட் (ஒரு பைன்ட் ஏறக்குறைய அரை லிட்டர்) என்று விற்ற இயந்திரத்துக்கு அதன் பிறகு 50 பைன்ட் என்று ஸ்டிக்கர். இயந்திரம் மாறவில்லை, எண் மட்டும் மாறியது. ஆகவே வாங்கும்போது எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்று பாருங்கள். அது எழுதியில்லாத பெட்டியை வைத்துவிட்டு நகருங்கள்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது, அதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த அறைக் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் ஒரு லிட்டர்கூட வராது. அதை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர எடுக்க வேண்டியது முந்நூறு மில்லி சொச்சம். அவ்வளவுதான். அப்படியானால் வாளி ஏன் திரும்பத் திரும்ப நிரம்புகிறது? சுவர் கொடுக்கிறது, தரை கொடுக்கிறது, மெத்தையும் துணிமணியும் புத்தகமும் கொடுக்கின்றன, கதவிடுக்கில் வெளிக்காற்று கொண்டுவருகிறது. முதல் வாரம் வாளி வேகமாக நிரம்பி, பிறகு மெதுவானால் நல்லது, வீடு காய்கிறது என்று அர்த்தம். வாரக்கணக்கில் வேகம் குறையவே இல்லையென்றால் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. நான் இந்த இயந்திரத்துக்கு நாலரை கொடுத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். வாளி ஒரு நல்ல துப்பு சொல்லும்.

பள்ளத்தாக்கு வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரவில் மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிப் பள்ளத்தில் தங்கும், ஆற்று ஈரமும் சேர்ந்து விடியும்போது மூடுபனி. தடித்த சுவர்கள் அந்தக் குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும். காலையில் வெயில் ஏறியதும், காற்றோட்டம் நல்லது என்று எல்லா ஜன்னலையும் திறக்கிறோம். வெளியே 30 டிகிரி, 70 சதவீதம். அந்தக் காற்று 25 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொட்டால், சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டிவிடும். சுவர் 24 டிகிரிக்கு இறங்கினால் வேர்க்கவே ஆரம்பித்துவிடும். பூஞ்சைக்குக் குட்டை மாதிரி தண்ணீர் தேவையில்லை, மேற்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் நாள்கணக்கில் நின்றாலே போதும். அறையின் நடுவே ஈரப்பத மீட்டர் 70 காட்டுகிறது, பிறகு பீரோவின் முதுகில் ஏன் பூக்கிறது என்று கேட்பவர்களுக்கு பதில் இதுதான். பீரோவுக்குப் பின்னால் காற்று ஓடாது, சுவர் அங்கே இன்னும் குளிர்ந்திருக்கும். பீரோவை ஒரு சாண் முன்னே இழுத்துப் போடுவது இந்த இயந்திரத்தைவிடச் சில நேரம் அதிகப் பலன் தரும், செலவும் இல்லை.

ஜன்னலைத் திறக்கவே கூடாதா என்றால், அப்படி இல்லை. வெளிக்காற்றில் உள்ள தண்ணீர் உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும்போது திறக்கலாம். சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் சூடான காற்றின் 70 சதவீதமும் குளிர்ந்த காற்றின் 70 சதவீதமும் ஒன்றல்ல. பனிநிலை (dew point), அதாவது காற்றிலுள்ள ஆவி எந்த வெப்பத்தில் நீராகத் தொடங்கும் என்ற எண்ணை வானிலைச் செயலிகள் காட்டுகின்றன, அதை வைத்து ஒப்பிடுங்கள். இயந்திரம் ஓடும்போது மட்டும் ஜன்னல் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்து ஓட்டுவது ஆற்றை வாளியால் இறைத்துக் காயவைக்கப் பார்ப்பது போல.

இப்போது சுவர். பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்பு அடுக்கே, அதாவது மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கே கிடையாது. ஆற்றங்கரை மண்ணில் நிலத்தடி நீர் மட்டம் மேலே இருக்கும், செங்கல்லும் காரையும் அதை உறிஞ்சி மேலே இழுக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் அலை அலையாக ஒரு கறை, அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்த வெள்ளையைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் ஏராளம். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உப்பானால் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. விரலில் எடுத்துத் தேய்த்தால் உப்பு நறநறக்கும். (பூஞ்சையாக இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள், தண்ணீர் சோதனையே போதும்.)

ஓதம் ஏறுகிறதா, வெறும் காற்றின் ஈரம் படிகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி என்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் முன்பக்கம், அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். இரண்டாவது என்றால் தயங்காமல் இயந்திரம் வாங்கலாம். முதலாவது என்றால் இயந்திரம் வலி மாத்திரை மட்டுமே. அதுவும் சுவரில் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசி, அதன் மேல் பளபளப்பான பெயின்ட்டும் அடித்திருந்தால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் திருப்பி விட்டுவிடும், சிமெண்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவைக்கும், ஓதம் இன்னும் உயரம் தேடிப் போகும். "வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்" என்று உள்பக்கம் அடிப்பவர்களுக்கும் இதே கதைதான், அடுத்த ஆண்டு பெயின்ட் கொப்பளித்து வரும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பிரச்சினையை மூடிமறைக்கும் பெயின்ட்டுக்கு எத்தனை விளம்பரம், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைச் சரிசெய், சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி இறக்கு என்று சொல்ல ஒரு விளம்பரமும் இல்லை.

இயந்திரத்தோடு சேர்த்து ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் மீட்டர்) அவசியம் வாங்குங்கள். இயந்திரத்தின் முகப்பில் காட்டும் எண் அதன் உடம்புக்குள் இருக்கும் சென்சார் சொல்வது, அது குளிர்ந்த குழாய்க்கும் சூடான காற்றுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. என்னுடையதில் முகப்பு 52 என்று காட்டும்போது அறையின் எதிர் மூலையில் மீட்டர் 61. எந்த எண்ணை நம்புவது? மீட்டரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் ஜிப் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, சூடு அதிகம் மாறாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 79 காட்டினால் நான்கு கூடுதல் என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள், முடிந்தது. அப்புறம் அந்த மீட்டரை அறையின் நடுவில் வைக்காதீர்கள், சந்தேகப்படும் மூலையில் வையுங்கள்.

எவ்வளவு வரை இறக்க வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். 60-க்குக் கீழே வைத்திருங்கள், 30-க்கும் 50-க்கும் இடையில் முடிந்தால் இன்னும் நல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பள்ளத்தாக்கில், மழைக்காலத்தில், பழைய வீட்டில் 50 என்பது பேராசை. 55 முதல் 60 வரை நிறுத்தினாலே பூஞ்சைக்கு வேலை கஷ்டம். 40-க்குக் கீழே இழுத்தால் பழைய மரச் சாமான்களும் கதவு நிலைகளும் சுருங்கி விரிசல் விடும், மின்சாரமும் வீண்.

குளிர்காலத்தில் இந்த வகை சோம்பேறியாகிவிடும். அறை 15 டிகிரிப் பக்கம் இறங்கினால் குளிர்ந்த குழாயில் பனிக்கட்டி கட்டும், பிறகு பனியை உருக்குவதற்காக நின்று நின்று ஓடும், வாளியில் தண்ணீர் பேருக்குத்தான் இருக்கும். குளிர்ந்த பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகன்ட் வகையைப் பாருங்கள். அது குளிரிலும் உழைக்கும், மின்சாரம் கூடுதலாகத் தின்னும். கைக்கடக்கமாக, சத்தமே இல்லாமல், அழகாக இருக்கும் குட்டி பெல்டியர் வகைகளை (கம்ப்ரஸர் இல்லாமல், மின்சாரம் பாய்ந்தால் குளிரும் ஒரு தகடு வைத்தவை) வாங்கவே வாங்காதீர்கள், நாள் முழுக்க ஓடினாலும் சில நூறு மில்லிதான் எடுக்கும். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு டப்பாக்கள் மூடிய அலமாரிக்குள் வேலை செய்யும், அறைக்குப் போதாது. டப்பாவில் சேரும் திரவம் இரும்பை அரிக்கும், தோலைக் கெடுக்கும், கவிழ்ந்துவிடாத இடத்தில் வையுங்கள்.

இனி குறைகள். சத்தம் முதல் குறை. படுக்கையறையில் ஓட்டிக்கொண்டு தூங்குவது லேசான தூக்கக்காரர்களுக்கு முடியாது, கம்ப்ரஸர் நின்று மறுபடி கிளம்பும்போது வரும் அந்த உறுமலுக்கே விழிப்பு வந்துவிடும். பகலில் கதவைச் சாத்தி ஓட்டிவிட்டு இரவில் நிறுத்திவிடுவதுதான் எங்கள் ஏற்பாடு. ஃபில்டரில் இரண்டு வாரத்தில் தூசி சேர்ந்துவிடும். அதைக் கழுவாமல் விட்டால் காற்றோட்டம் குறைந்து தண்ணீரும் குறையும், உள்ளேயே பூஞ்சை பிடித்தால் கேலிக்கூத்து.

வாளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாளி நிரம்பினால் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும், அதற்கென ஒரு மிதவை இருக்கிறது. விரல் அளவு தெர்மோகோல் துண்டு ஒரு பிளாஸ்டிக் கையில் மாட்டியிருக்கும், அவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம். வாளியின் ஓரத்தில் வழவழப்பாகப் படியும் அழுக்கில் அந்தக் கை ஒருநாள் ஒட்டிக்கொண்டது, மிதவை எழவில்லை, தண்ணீர் வழிந்து தரை முழுக்க. ஈரத்தை ஒழிக்க வாங்கிய சாமான் தரையை நனைத்த அழகை என்னவென்று சொல்வது. சர்வீஸுக்கு ஃபோன் செய்தால் "வாளியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார்கள். வைத்துக்கொள்கிறோம். ஆனால் வாளியின் கைப்பிடியை யார் வடிவமைத்தது? நிரம்பிய வாளியை இழுத்து எடுக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து கட்டாயம் கொஞ்சமாவது சிந்தும். பின்பக்கம் குழாய் மாட்டும் வசதி இருப்பதால் இப்போது குளியலறைக்குள் குழாய் விட்டாகிவிட்டது. குழாய் முழுக்கச் சரிவாக இறங்க வேண்டும், நடுவில் ஓரிடத்தில் மேடு இருந்தாலும் தண்ணீர் திரும்பி வாளிக்கே வரும். அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், குடிக்கக் கூடாது. வீடு துடைக்க, கழிவறையில் ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இது மணிக்கணக்கில், ஆள் இல்லாதபோதும் ஓடும் சாமான். 2013-இல் சீனாவின் க்ரீ நிறுவனம் தயாரித்து வெவ்வேறு பிராண்ட் பெயர்களில் விற்ற டீஹியூமிடிஃபையர்கள் 20 லட்சத்துக்கும் மேல், சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து என்று அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள், திரைச்சீலைக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

இயந்திரம் வந்துவிட்டது, இருக்கிற பூஞ்சை தானே செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காய்ந்தால் வளர்ச்சி நிற்கும், ஆனால் செத்த பூஞ்சையும் அதன் வித்துகளும் அப்படியே இருக்கும், தும்மலும் இழுப்பும் அவற்றாலும் வரும். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நாமே துடைக்கலாம். என்95 முகமூடி, கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும், நனைத்துத்தான் துடைக்க வேண்டும். சுவருக்கு பிளீச் அடிப்பதில் பெரிய லாபமில்லை, அதில் உள்ள தண்ணீர் காரைக்குள் இறங்கும், குளோரின் மேலேயே நின்றுவிடும், கறை வெளுத்ததைப் பார்த்து ஒழிந்தது என்று நாம் நம்பிக்கொள்வோம். பிளீச்சோடு அமோனியாவையோ அமிலம் கலந்த கழிவறை கிளீனரையோ சேர்த்தால் நச்சு வாயு வரும், விளையாட்டில்லை. ஊறிப்போன மெத்தை, அட்டை, ஜிப்சம் பலகை என்றால் தூக்கி எறிவதுதான் வழி. கறுப்பாக இருந்தால் கொடிய விஷம், பச்சையாக இருந்தால் பரவாயில்லை என்ற கதையை நம்பாதீர்கள், நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் அவர்கள் துடைக்கும் வேலையில் இறங்கவே வேண்டாம், அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

ஆற்று வெள்ளம் உள்ளே வந்து போன வீடு என்றால் கணக்கே வேறு. நனைந்த சாமான்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். சுவர் காய மாதங்கள் ஆகும், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதற்கு வீட்டு உபயோக இயந்திரம் ஒன்று போதாது, பெரியதாக வாடகைக்கு எடுங்கள்.

எனக்கு இது பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது. பீரோ வாடை போய்விட்டது, தலையணை காலையில் சில்லென்று ஈரமாக இல்லை, மூடியே வைத்திருந்த பின்னறையில் இப்போது புத்தகங்கள் இருக்கின்றன. வடக்குச் சுவரின் அடிப்பகுதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அது ஓதம், அதற்கு மேஸ்திரி வரவேண்டும். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே வாளியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பச் சொல்லி, கையில் பிடித்து நாலடி நடந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. சிந்தினால் வேறு மாடல் கேளுங்கள்.